சுருக்கமில்லாத தூளி

ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் மேலிடம் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. மேலிடம் என்பது என் மனைவியின் மகள். வயது எட்டு. மேல்வரிசையில் ஒரு பல் இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது, ஆனால் அதிகாரத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நாற்பது வயதில் கல்யாணம் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்குள் பெட்டியோடு நுழைந்ததிலிருந்து, அவள் எனக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் அவள் அம்மா வழியாகத்தான் வந்து சேரும்.

"அம்மா, அவர்கிட்ட சொல்லு, பாத்ரூம விட்டு வெளிய வரச் சொல்லு. பாடுறதையும் நிறுத்தச் சொல்லு."

கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு எல்லாம் தெளிவாகக் காதில் விழும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. மனைவி வந்து கதவைத் தட்டி, அதையே கொஞ்சம் சர்க்கரை தூவிச் சொன்ன பிறகுதான் நான் அசைவேன். "பாப்பாகிட்ட சொல்லு, ரெண்டே நிமிஷம்" என்று பதிலும் அதே வழியில் போகும். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டர் சொன்னதை நோயாளிக்கும், நோயாளி சொன்னதை டாக்டருக்கும் பகலெல்லாம் எடுத்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, எனக்கு வலித்தது. என் கடைக்கு வரும் கார்க்காரர்கள் அத்தனை பேரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறவன் நான். இந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதா என்று ஏங்கிக் கிடந்தேன். அது திட்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் முகாம் என்று சீட்டு வந்தது. தோப்புக்குள் கூடாரம் போட்டுத் தங்க வேண்டுமாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் துணை. மனைவிக்கு அந்த இரண்டு நாளும் டியூட்டி. வீட்டில் மிச்சமிருந்த ஒரே பெரியவர் நான்தான். நடுவில் ஆள் இல்லாமல் இரண்டு நாள்! எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மேலிடமோ சாப்பாட்டுத் தட்டை முறைத்துக்கொண்டே நிபந்தனை போட்டது.

"அம்மா, அவர்கிட்ட சொல்லு, எனக்கு ஹேமக் வேணும். என் ஃப்ரெண்டு வச்சிருக்கா. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிப் படுத்துக்கறது."

"தூளிதானே அது?" என்றேன் மனைவியிடம். "கடையில எதுக்கு வாங்கணும்? நானே தைக்கிறேன்னு பாப்பாகிட்ட சொல்லு."

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சுருக்கம் விழக் கூடாது. இரண்டு சக்கரம் கழன்ற காரைக் கொண்டுவருகிறவன்கூட, சீட்டின் ஓரத்தில் ஒரு சுருக்கத்தைப் பார்த்துவிட்டால் கோர்ட்டுக்குப் போவது போலக் குதிப்பான். அதனால் துணியைக் கண்டாலே என் கை தானாக இழுத்து நீவும். பெண் பார்க்கப் போன இடத்தில் சோபா உறையை நான் இழுத்துச் சரிசெய்ததைப் பார்த்துத்தான், இவன் அடங்கின ஆள் என்று மாமியார் ஏமாந்தார்.

பாராசூட் துணியில் இரண்டரை மீட்டர் எடுத்தேன். ஓரம் முழுக்கச் சிவப்புப் பைப்பிங், அதாவது உருட்டித் தைத்த பட்டை. கயிறு வரும் இடங்களில் கட்டம் போட்டு, உள்ளே பெருக்கல் குறியும் போட்டு மூன்று தடவை தையல் ஓட்டினேன். ஒரு யானைக் குட்டி படுத்தாலும் பிரியாது. சிக்கல் இரண்டு முனைகளில்தான். முனையில் கயிற்றைக் கோத்து இழுத்தால் துணி மொத்தமும் கொசகொசவென்று ஒன்றுகூடிச் சுருங்கியது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பதினேழு வருட அனுபவத்தைத் திரட்டி வழி கண்டுபிடித்தேன். இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு மரக்குச்சியைச் செருகித் துணியை விரித்துவிட்டேன். கட்டில் மாதிரி நின்றது, ஒரு சுருக்கம் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மேலிடம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.

"அம்மா, அவர்கிட்ட சொல்லு, குச்சி வேண்டாம். அவளோடதுல குச்சியே இல்ல. தொளதொளன்னு தொங்கும்."

மனைவி என்னைப் பார்த்தாள். "குச்சி வேண்டாமாம்."

"பாப்பாகிட்ட சொல்லு, அது கடைச் சரக்கு. இது தொழில்காரன் தைச்சது."

வீட்டில் அதைக் கட்டிப் பார்க்க இடமில்லை. ஜன்னல் கம்பியில் ஒரு முனையையும் கதவில் ஒரு முனையையும் கட்டினால் கதவு கையோடு வந்துவிடும். ஆகவே சோதனையைக் கடையிலேயே முடித்தேன். இரண்டு தூணுக்கு நடுவே மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டி, ஃபோம் கழிவு திணித்த மூட்டை ஒன்றைத் தூக்கி மேலே வைத்தேன். அரை மணி நேரம் அசையாமல் கிடந்தது. மூட்டைக்குக் கை கால் கிடையாது, புரண்டு படுக்கும் பழக்கமும் கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை.

முகாமுக்குப் போகும் பஸ்ஸில் மேலிடம் தன் தோழியோடு உட்கார்ந்தது. நான் பின்சீட்டில் பாத்திர மூட்டைகளோடு. இறங்கியதும் இனிமேல் வேறு வழியில்லை, என்னிடம்தான் பேசியாக வேண்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் நேராக விசில் மாட்டிய மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், அவர்கிட்ட சொல்லுங்க, என் பை பஸ்லயே இருக்கு."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, புது ஆள் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. இருபத்துநான்கு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் போய்ப் பையை எடுத்துவந்து மிஸ்ஸிடமே கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுத்துத் தூளியைக் கட்டினேன். முழங்கால் உயரம்தான். காலை மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் வந்தது. சிவப்புப் பைப்பிங் வெயிலில் பளபளத்தது. பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "இது கடையில வாங்கினதா?" என்று ஒருவன் கேட்டான். மேலிடம் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்த விதத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. அதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏறினாள். மல்லாந்து படுத்தாள். கையைத் தலைக்குக் கீழே கொண்டுபோகலாம் என்று லேசாகத் திரும்பினாள். அவ்வளவுதான். பலகை போல விறைத்து நின்ற துணி ஒரே புரட்டாகப் புரண்டு, அவளைச் சருகுக் குவியலில் குப்புறக் கொட்டிவிட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் பழையபடி நின்றது.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவே இரண்டு அடி தூரம்கூட இல்லை. நான் திரும்பி, தூரத்தில் கூடாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த மிஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

"மிஸ்! பாப்பாகிட்ட கேளுங்க, அடி பட்டுச்சான்னு கேளுங்க!"

மிஸ்ஸின் சுத்தியல் பாதியில் நின்றது. மேலிடம் எழுந்து உட்கார்ந்தது. தலையெல்லாம் சருகு, உதடு துடித்தது.

"நான் இங்கதானே இருக்கேன்!" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "என்கிட்டயே கேக்க மாட்டீங்களா?"

என் கை தானாகத் தூளியின் ஓரத்தை நீவியது. அவள் விடவில்லை.

"வீட்டுல அம்மாகிட்ட சொல்றீங்க, இங்க மிஸ்கிட்ட சொல்றீங்க. வந்த அன்னிக்குப் பெட்டிய கீழ வச்சிட்டு என்ன சொன்னீங்க? 'பாப்பா எத்தனாவது படிக்குதுன்னு கேளு'ன்னு அம்மாகிட்ட சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். சரி, உங்ககிட்ட இப்படித்தான் பேசணும் போலன்னு நானும் பேசினேன்."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அன்றைக்கு அவளிடம் சொல்வதற்கென்று மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். வாசலில் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய், பயத்தில் அவள் அம்மா பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படித் திரும்பினவன் ஐந்து மாதம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சருகில் முழங்காலிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அடி பட்டுச்சாம்மா?" என்று அவளையே கேட்டேன்.

"பட்டுச்சு." காலை நீட்டிக் காட்டினாள். "இங்க. முட்டியில. ரத்தம் வருதான்னு நல்லாப் பாருங்க."

வரவில்லை. சின்னச் சிராய்ப்புதான். இருந்தும் நான் குனிந்து வெகுநேரம் பார்த்தேன், கண் கலங்கியிருந்ததால் நிமிர முடியவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

"கொஞ்சம்தான்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் குச்சிய உருவிட்டுத் தொளதொளன்னு கட்டுங்க. எப்படின்னு நானே உங்களுக்குச் சொல்றேன்."