மஞ்சள் துணி கட்டிய மூட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ராணியம்மாள் அரிசி மூட்டையின் வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்து, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். பருத்த மங்கல் அரிசி, நடுவில் இரண்டு கறுப்புக் கல். ரேஷன் அரிசி. பக்கத்தில் இன்னொரு மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது.

வேங்கிக்காலிலிருந்து வேனில் பதினைந்து பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். அவர்கள் சாப்பிட வருவது காணாமல் போன அந்த மூட்டையைத்தான்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ராணியம்மாளுக்கும் அவள் புருஷன் வேடியப்பனுக்கும் ஒரு ஏக்கர் நஞ்சை. மூன்று வருஷமாக அதில் தூயமல்லி நெல்தான், யூரியா இல்லாமல், மருந்து இல்லாமல். விளைந்தது மொத்தத்தையும் வேங்கிக்காலில் இயற்கை அங்காடி வைத்திருக்கும் வளவன் எடுத்துக்கொள்வான். அரைத்து, பாக்கெட் போட்டு, மேலே வேடியப்பனின் படத்தையும் ஒட்டி விற்பான். படத்தில் வேடியப்பன் தலைப்பாகையோடு சிரித்துக்கொண்டிருப்பார். பிறந்ததிலிருந்து தலைப்பாகை கட்டாத மனுஷன் அவர். அந்தத் துண்டு வளவனுடையது. படம் எடுத்த நேரத்தில் ராணியம்மாள் களை பறித்துக்கொண்டிருந்ததால் படத்தில் அவள் இல்லை.

இந்த வருஷம் வாடிக்கையாளர்கள் நிலத்தையே நேரில் பார்க்க வேண்டும் என்றார்களாம். பார்த்துவிட்டு, அந்த நிலத்து அரிசியிலேயே சாப்பிட வேண்டுமாம். "வந்தவங்க திருப்தியா போனா, தை அறுப்பையும் முழுசா நானே எடுத்துக்கறேன்மா. இல்லன்னா கஷ்டம். எனக்கும் கடை ஓடணும்ல" என்று வளவன் சொல்லியிருந்தான். அவன் எடுக்காவிட்டால் நெல் அரசு விற்பனைக்கூடமான கமிட்டிக்குத்தான் போகும். அங்கே தூயமல்லியும் மற்ற நெல்லும் ஒரே குவியல், ஒரே விலை. முதுகு ஒடியப் பறித்த களைக்கு அங்கே யாரும் தனியாக ஒரு பைசா தரமாட்டார்கள்.

அதற்காகவே விதைநெல்லில் மிஞ்சியதை அரைத்து, அந்தப் பத்துக் கிலோ அரிசியை ஒரு வெள்ளைச் சாக்கில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். ரேஷன் அரிசியும் அதே மாதிரி சாக்கில் இருந்ததால், மாறிவிடக் கூடாதே என்று பழைய மஞ்சள் புடவை ஒன்றைக் கிழித்து இதன் வாயைக் கட்டினாள். அப்போது கைக்குக் கிடைத்த துணி அதுதான். அவ்வளவு முன்யோசனை.

கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வேடியப்பனைக் கூப்பிட்டாள்.

"இங்க இருந்த மூட்டை எங்க?"

"எந்த மூட்டை?"

"மஞ்சத் துணி கட்டி வச்சிருந்தேனே, அது."

"அதா? தீபத்துக்கு அன்னதானம் வண்டி வந்துச்சில்ல, அதுல குடுத்துட்டேன்."

தீபத்துக்கு முந்தின நாள் ஊர்ப் பையன்கள் வண்டி கொண்டுவந்து வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிப் போவது வழக்கம். கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, மலை சுற்றி வருகிறவர்களுக்குச் சாம்பார் சாதம் போடுவார்கள். எல்லா வீட்டிலும் ரேஷன் அரிசியைத்தான் கொடுப்பார்கள். அண்ணாமலையாரும் இதுவரை அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

"அதை எதுக்குய்யா குடுத்த? சணல் கட்டினது பக்கத்துலயே இருந்துச்சே."

"மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருந்தா இன்னான்னு நெனப்பாங்க? நீ ஏதோ வேண்டிக்கினு சாமிக்குன்னு எடுத்து வச்சிருக்கறேன்னு நெனச்சேன். வேண்டுதலைக் கேக்கக் கூடாதுன்னுதான் உன்னைக் கேக்கல."

அவரைத் திட்ட ராணியம்மாளுக்கு வாய் வரவில்லை. மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்தால் அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். சாமிக்குப் போனதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, அது நாலு நாளைக்கு முன்பே யார் யார் வயிற்றிலோ ஜீரணமும் ஆகிவிட்டது. வெளியே வயலில் ஒரு ஏக்கர் தூயமல்லி கதிர் விட்டு நிற்கிறது. அடுப்பில் போட ஒரு பிடி இல்லை. அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் ஜாஸ்தி.

மருமகள் கீர்த்தனா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "கடையில பொன்னி வாங்கியாரட்டுமா அத்தை? பார்க்க சன்னமா இருக்கும்."

"அதுவும் பொய்தானே. காசு குடுத்து வேற பொய் சொல்லணுமா?"

வளவனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. கடைசியில் ரேஷன் அரிசியையே கல் பொறுக்கி, ஐந்து தண்ணீர் கழுவி, ஊறவைத்து வடித்தாள். முருங்கைக்காயும் கத்திரிக்காயும் போட்டுக் காரக்குழம்பு, ரசம், மல்லாட்டைக் கடலையை வறுத்து அரைத்த துவையல். அரிசியில் விட்டதைக் குழம்பில் பிடிக்க வேண்டும் என்ற வெறியோடு சமைத்தாள் என்றே சொல்ல வேண்டும்.

வேன் பதினொரு மணிக்கு வந்தது. இறங்கியவர்கள் முதலில் வேடியப்பனைப் பார்த்து, "தலைப்பாகை எங்கய்யா?" என்று கேட்டார்கள். வளவன் ஓடிப்போய்த் துண்டைக் கட்டிவிட்டான். எல்லாரும் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வரப்பில் நடந்தார்கள், கதிரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் பால் பிடித்த நெல்மணியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "இப்பவே இனிக்குது" என்றார்.

ராணியம்மாள் வளவனைக் கிணற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் செத்துவிட்டது.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன் தம்பி."

"என்கிட்டயே கடைசியா இருக்கட்டும்மா. ஒருவேளை சோறு. சாப்பிட்டுப் போயிடுவாங்க. நான் இவங்களை நம்பித்தான் கடை வச்சிருக்கறேன்."

அவன் கெட்டவன் இல்லை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கடை வாடகை என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். அவள் இலை போடப் போனாள்.

பந்தி நன்றாகத்தான் நடந்தது. நன்றாக நடந்ததுதான் தொந்தரவு. "பாலிஷ் பண்ணாத அரிசின்னா அரிசிதான்" என்றார் ஒருவர். "ஹோட்டல் சோறுல இந்த வாசனை வருமா?" என்றார் இன்னொருவர். குழம்பை யாரும் பாராட்டவில்லை. வேடியப்பன் தலைப்பாகையைச் சரி செய்வது போலத் தலையைக் குனிந்துகொண்டே மோர் ஊற்றினார். ஓர் இலையில் மோர் வழிந்தது.

சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது அருணாதேவி என்ற அம்மாள் ராணியம்மாளிடம் வந்தாள். கலெக்டர் ஆபீசில் வேலை. அங்காடி தொடங்கிய நாளிலிருந்து இந்த அரிசியைத்தான் வாங்குகிறாளாம்.

"எங்க வீட்டுக்காரருக்கு சுகர் ஜாஸ்திங்க. இந்த அரிசின்னாதான் அவருக்கு ஒத்துக்குது. கடையில ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க. இப்ப வடிச்சீங்களே, அதுல மீதி இருந்தா ஒரு அஞ்சு கிலோ குடுங்க. விலையைப் பத்தி யோசிக்காதீங்க."

வளவன் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினான். 'இல்லைம்மா, தீர்ந்துபோச்சு' என்று சொன்னால் போதும். ரெண்டு வார்த்தை. ஆனால் சமையல்கட்டு வாசலில் பாதிச் சாக்கு எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதை விடவும், முகம் தெரியாத ஒரு நோயாளி மனுஷன் அவள் கண்முன் வந்து நின்றுவிட்டார்.

"அதுல இருக்கறது ரேஷன் அரிசிங்க" என்றாள் ராணியம்மாள். "நீங்க இப்ப சாப்பிட்டதும் அதான்."

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூட மறந்து திரும்பினார்கள். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. மஞ்சள் துணியைச் சொன்னாள், அன்னதான வண்டியைச் சொன்னாள். "உங்களுக்குன்னு வச்சதை மலை சுத்தினவங்க சாப்பிட்டுட்டாங்க. கழுவி வடிச்சுப் போட்டது நான். தப்பு என் பேர்ல" என்றாள். வளவன் கெஞ்சியதை மட்டும் சொல்லவில்லை.

வாசனையைப் பற்றிப் பேசியவர் தம் விரலை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். அருணாதேவிக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"ஏங்க, உங்க வீட்டுல ரேஷன் அரிசி எதுக்கு? உங்க அரிசியை நீங்க சாப்பிடறதில்லையா?"

"பொங்கலுக்கு ஒரு படி போடுவோம். அதோட சரி."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல நீங்க சாப்பிடறீங்க" என்றாள் ராணியம்மாள்.

குத்திக்காட்டச் சொன்னதல்ல. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஆனால் சொன்ன பிறகு அவளுக்கே அது புதிதாகக் கேட்டது. மூன்று வருஷமாகக் குனிந்து குனிந்து விளைவித்ததன் ருசி என்ன என்று யாராவது கேட்டால், பொங்கலில் போட்ட வெல்லத்தின் ருசியைத்தான் அவளால் சொல்ல முடியும். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேன் கிளம்பும்போது முன்போல யாரும் படம் எடுக்கவில்லை. வளவன் தை அறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஏறிக்கொண்டான். துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

"கமிட்டிக்கு நெல் அனுப்ப சாக்குக்குச் சொல்லி வைக்கணும்" என்றார் வேடியப்பன்.

தையில் அறுத்தார்கள். பதினெட்டு மூட்டை கண்டது. களத்தில் தூற்றி முடித்த மறுநாள் வளவன் பைக்கில் வந்து நின்றான்.

"ரெண்டு குடும்பம் வாங்கறதை நிறுத்திட்டாங்கம்மா. மத்தவங்க வேணும்னுதான் சொல்றாங்க. ரேஷன் அரிசின்னு வாயால ஒத்துக்கினவங்க தூயமல்லின்னு சொன்னா நம்பலாமாம். அருணா மேடம் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கறாங்க. வண்டி அனுப்பட்டுமா? போன வருஷம் மாதிரி பதினெட்டும் எடுத்துக்கறேன்."

வேடியப்பனுக்கு வாயெல்லாம் பல். "இன்னிக்கே அனுப்பு தம்பி" என்றார்.

"பதினாலு" என்றாள் ராணியம்மாள்.

வளவன் களத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "பதினெட்டு இருக்குதேம்மா. வேற யாருக்காவது பேசிட்டீங்களா?"

"இல்ல. எங்க வீட்டுல நாலு வாய் இருக்குது."

அவன் தலையாட்டிவிட்டு வண்டிக்குப் போன் போட்டான்.

வண்டி வந்து பதினாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு போனது. மீதி நாலில் ஒன்றை வேடியப்பன் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வந்து, சுவரோரம் அதே பழைய இடத்தில் இறக்கினார். ஒருமுறை பட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, கொடியில் கிடந்த துணிகளைப் புரட்டினார்.

"இதுக்கு இன்னா துணி கட்டணும்? இப்பவே சொல்லிடு."

"ஒண்ணும் கட்டாத, வாயைத் திறந்தே வை" என்றாள் ராணியம்மாள். "இது சாமிக்கும் இல்ல, விருந்தாளிக்கும் இல்ல. சாயந்திரம் உலையில போடறது."