சின்மயியின் தட்டை மலை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தெர்மோகோல் வாங்கப் போனவன், வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஷ்யாம்சுந்தர் அப்படிப்பட்டவன் இல்லை. மலை கட்டப் போகிறேன் என்று கடைக்காரர் குப்புராஜிடம் சொல்லித் தொலைத்தான்.

"இன்னா மலை சார்? திருப்பதியா, பழனியா?"

"ஆல்ப்ஸ்."

"அது எங்க கீது?"

"ஆஸ்திரியாவுல."

"அம்மாம் தூரத்து மலைக்கு ஒரு துண்டு பத்தாது சார். ரெண்டா எடுத்துக்கோ."

இரண்டாக எடுத்துக்கொண்டான். பஸ்ஸில் குரோம்பேட்டை வருவதற்குள் அந்தத் தெர்மோகோல் எத்தனை பேர் முகத்தில் இடித்தது, அவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

வருஷா வருஷம் அவன் வீட்டுக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் வைப்பார்கள். இந்த வருஷம் அந்த இடத்தில் மலை. காரணம் அவன் மனைவி சின்மயி. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஆல்ப்ஸில் ஒரு சுண்ணாம்புக்கல் மலையில் அடுத்த மார்ச்சிலிருந்து ஒரு வருஷம் வேலை செய்ய அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். விஜயதசமிக்குள் பதில் சொல்ல வேண்டும். "அவ போகப்போற எடம் எப்படி இருக்கும்னு நான் பாக்கணும். கொலுவுல கட்டி வைடா" என்று ஷ்யாமின் அம்மா அபிதகுஜாம்பாள் உத்தரவு போட்டுவிட்டாள். மருமகள் போவதில் அவளுக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆட்சேபணை எல்லாம் ஷ்யாமுக்குத்தான். "நீ வேண்டாம்னா நான் போகலை, ஷ்யாம்" என்று சின்மயி சொல்லியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் தங்கமான புருஷன் என்ற பெயரும் போகக்கூடாதே! ஆகவே ஆமாம் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், மனுஷன் மும்முரமாக மலை கட்ட உட்கார்ந்தான்.

ஆபீஸிலிருந்து வந்த சின்மயி, அவன் கட்டியதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன இது, கூம்பு மாதிரி? அந்த மலைக்கு உச்சியே கிடையாது. மேல தட்டை."

"உச்சி இல்லாம அது என்ன மலை?"

"சுத்தி செங்குத்தா சுவர் மாதிரி பாறை. ஏறிட்டா, மேல பரந்த வெளி."

"தாம்பரம் ஏர்போர்ஸ் ரன்வே மாதிரியா?"

"ரன்வேயில குழி இருக்குமா? இதுல எங்க பார்த்தாலும் குழி. மழைத்தண்ணி சுண்ணாம்புக்கல்லைக் கரைச்சுக் கரைச்சுக் கோடு கோடா அரிச்சு வச்சிருக்கும். குழிக்குள்ள வெயில் காலத்துலகூடப் பனி கிடக்கும். இதுல வேடிக்கை என்னன்னா, அவ்வளவு மழை பெஞ்சும் மேல ஒரு ஓடைகூட கிடையாது. தண்ணி எல்லாம் வெடிப்பு வழியா உள்ள இறங்கி, குகை குகையா ஓடி, அடிவாரத்துல ஊற்றா வெளிய வரும்."

ஷ்யாம் ரொட்டி வெட்டும் கத்தியால் உச்சியைச் சீவினான். குழி போடக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினான். தெர்மோகோலில் சுடுகம்பி வைத்தால் நிற்குமா? நேரே அடிவரைக்கும் போய்விட்டது. யாருக்குத் தெரியப் போகிறது என்று மேலே கோலமாவைத் தூவிப் பனி ஆக்கிவிட்டான். அம்மா வந்து, மலை என்று ஒன்று இருந்தால் முருகன் இல்லாமலா என்று ஒரு முருகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"அம்மா, அங்க பயங்கரக் குளிர்."

"ஒரு சால்வையப் போத்தி விட்டா போச்சு."

மறுநாள் சாயங்காலம் எதிர் வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் சுண்டல் வாங்க வந்தார். மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு குறைதான் அவளை உறுத்தியது.

"நவராத்திரியும் அதுவுமா இப்படிக் காஞ்சு கிடக்கே" என்று ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் பெரிய குழியில் ஊற்றிவிட்டாள்.

தண்ணீரைக் காணோம்.

"எங்கடா போச்சு?" என்று அவள் குனிவதற்குள், கீழ்ப்படிக்கு முன்னால் தரையில் கடை விரித்திருந்த செட்டியார் பொம்மையின் காலடியில் குபுகுபுவென்று வந்தது. அரிசி, பருப்பு எல்லாம் மிதந்தது.

"ஐயையோ, செட்டியார்!" என்று ஷ்யாம் மலையைத் தூக்கப் போனான்.

"தொடாதே! கொலு வச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் எதையும் நகர்த்தப்படாது" என்று அம்மா போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது.

சின்மயி என்ன செய்தாள் தெரியுமா? பட்டுப்புடவையோடு ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இன்னொரு சொம்பு கொண்டு வாங்கோ! கொஞ்சம் மஞ்சப்பொடியும்!"

மஞ்சள் கரைத்த தண்ணீரை ஓரத்துக் குழி ஒன்றில் மெதுவாக விட்டாள்.

"எந்தக் குழித் தண்ணி எந்த ஊற்றுல வரதுன்னு இப்படித்தான் சாயம் கலந்து விட்டுப் பார்ப்போம், டீச்சர். அதுதான் அங்க எனக்கு வேலை. எங்க வரும் சொல்லுங்கோ?"

"செட்டியார்கிட்டதாம்மா" என்றார் டீச்சர், தானும் குனிந்துகொண்டு.

மஞ்சள் தண்ணீர் செட்டியார் பக்கம் வரவே இல்லை. மலையின் பின்பக்கம் சுவரோரமாக எட்டிப் பார்த்தது.

"வந்துடுத்து! அங்க பாருங்கோ, வந்துடுத்து!" சின்மயி கைதட்டினாள்.

ஷ்யாம் அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"அப்போ போறதுன்னு முடிவாயிடுச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

சின்மயியின் சிரிப்பு சட்டென்று நின்றது. புடவை நுனியைப் பிழிந்தபடி, "இன்னும் இல்ல, டீச்சர்" என்றாள். அவன் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"முடிவாயாச்சு டீச்சர்" என்றான் ஷ்யாம். "மார்ச்ல கிளம்பறா."

சின்மயி தரையிலிருந்தே நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவா?"

"நெஜமா."

"ஒரு வருஷம், ஷ்யாம். நீ என்ன பண்ணுவ?"

"அழுவேன்" என்றான், அம்மாவையும் டீச்சரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. "நீ போய்ட்டு வா."