மச்சான் போட்ட கோல்ஃப் வழக்கு

என் அக்கா வினெட்டாவின் கணவர் லெமுவேல் கிரிக்ஸ்பியைப் போல மோசமாக கோல்ஃப் ஆடும் மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அமெரிக்காவின் தெற்கே எங்கள் கார்வெல் நகராட்சியின் பதினெட்டுக் குழி மைதானத்தில் எங்களைப் போன்ற கறுப்பர்களையும் ஆட விட வேண்டும் என்று 1956-ல் வழக்குப் போட்டவர் அவர்தான்.

எங்களில் நன்றாக ஆடியவர்கள் எல்லோரும் சிறு வயதில் அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் பை தூக்கியவர்கள். வளர்ந்த பிறகும் அவர்களுடைய மில்லிலோ ஓட்டலிலோதான் வேலை. மனுவில் கையெழுத்துப் போட்டால் மறுநாள் வேலை இருக்காது. நான் ஓட்டலில் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் முதலாளி மைதானக் கமிட்டியில் இருந்தார். வக்கீல் தாளை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மச்சான் மட்டும் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் இறுதிச் சடங்கு நிலையம் நடத்தினார். எங்கள் ஆட்கள் செத்தால் அவரிடம்தான் வந்தாக வேண்டும். அவரை யாராலும் வேலையை விட்டு நீக்க முடியாது.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. அதுவரை நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த ஒன்பது குழி மைதானத்தில், புல்லைவிட அதிகமாகக் கிடந்த கரித்தூளில் ஆடினோம். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்று முடிதிருத்தும் கடையில் மகிழ்ச்சியை மீறி ஒரு கவலை எழுந்தது.

"லெமுவேல், நாளைக்கு முதல் பந்தை வெண்டல் அடிக்கட்டும்," என்றார் கடைக்காரர் ஆம்ப்ரோஸ். வெண்டல் நான்தான். "நீ அடிச்சா, இதுக்குத்தான் இத்தனை நாளா உள்ள விடலைன்னு சொல்லிருவாங்க."

"போன வாரம் நீ அடிச்ச பந்து பின்பக்கமா போச்சேப்பா," என்றார் முகம் நிறைய நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தவர்.

"அன்னிக்குக் காத்து," என்றார் மச்சான். பிறகு கொஞ்சம் வாடிப்போய், "சரி, வெண்டலே அடிக்கட்டும்," என்றார்.

நான் ஒப்புக்கொண்டேன். கையெழுத்துப் போடப் பயந்தவனுக்குத் தீர்ப்பு வந்த பிறகு தைரியம் வந்திருந்தது.

மறுநாள் காலை மச்சான், நான், ஆம்ப்ரோஸ், அந்த நுரை முகத்துக்காரர் என நான்கு பேரும் மட்டைகளும் அடங்க மச்சானின் சவ ஊர்திதான் வசதியாக இருந்தது. அதைப் பார்த்ததும் வாசல் காவலாளி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

அலுவலக குமாஸ்தா கண்ணாடி போட்டுக்கொண்டு கோர்ட் உத்தரவை வரிவரியாகப் படித்தார். வெளி வராந்தாவில் முப்பது பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். இரண்டு போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

"இதுல லெமுவேல் கிரிக்ஸ்பின்னு ஒரு பேர்தான் இருக்கு," என்றார் குமாஸ்தா. "இவன் ஆடலாம். மத்தவன் எவனாவது பை தூக்கிட்டுப் போறதுன்னா போகலாம்."

மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். "போயிரலாம் மாப்ள. எல்லார் பேரையும் சேத்துக்கிட்டு இன்னொரு நாள் வருவோம்."

"மூணு வருஷம் நடையா நடந்துட்டு இப்ப திரும்புவீங்களா? நடங்க மச்சான்." அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். மற்ற இருவரும் வண்டியருகே காத்திருக்கப் போனார்கள். அதே மைதானத்தில் பதினாறு வருடம் கழித்து மறுபடி பை தூக்குகிறேன். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

"நான் கேவலமா ஆடுவேன்டா."

"தெரியும். அதுக்காக அவசரப்படாதீங்க."

மச்சான் நின்றார், மூச்சை இழுத்தார், வீசினார். பந்து ஒரு சவப்பெட்டி நீளத்துக்கு உருண்டு நின்றது. வராந்தா சிரித்தது.

"இதுக்கா கோர்ட்டுக்குப் போன?" என்று ஒருவர் கேட்டார்.

மச்சான் தொப்பியைத் தொட்டார். "ஆமா சார். ஆடணும்னுதான் கேட்டேன். நல்லா ஆடுறேன்னு எங்கயும் எழுதிக் கொடுக்கல."

ஒரு போலீஸ்காரர் சட்டென்று மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

ஐந்து மணி நேரம் ஆடினார். குளம் நான்கு பந்துகளை விழுங்கியது. ஒவ்வொரு சரிவும் எனக்குத் தெரியும், சொல்லிக்கொண்டே வந்தேன், ஒன்றையும் அவர் கேட்கவில்லை. பதினொன்றாவது குழியில் மட்டும், வேறெங்கோ குறிவைத்த பந்து மேட்டில் ஏறி, வளைந்து, தானாகக் குழிக்குள் போய் விழுந்தது. அப்படித்தான் திட்டமிட்டதாகச் சொன்னார். முடிவில், பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து நூற்று நாற்பத்து மூன்று முறை அடித்ததாகக் கணக்குச் சொன்னார்.

"நூத்தி நாப்பத்தஞ்சு," என்றேன்.

"அந்த ரெண்டும் ஒத்திகை மாப்ள."

மாலையில் அக்கா மீன் பொரித்தாள். வக்கீல் புது மனுவோடு வந்தார். இந்த முறை அவர் நீட்டுவதற்கு முன்பே நான் பேனாவை வாங்கினேன்.

"கையெழுத்து ஏண்டா இப்படி ஆடுது?" என்றாள் அக்கா.

"காலைலேருந்து உன் புருஷனோட பையைத் தூக்கிப் பாரு, தெரியும்."

அந்த வாரமே ஓட்டலில் இனி வர வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் மச்சான் ஒரு கறுப்புக் கோட்டையும் சவ ஊர்தியின் சாவியையும் என் கையில் கொடுத்தார். இரண்டு மாதத்தில், கார்வெல்லில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று உத்தரவு வந்தது. முதல் நாள் நான் பதினெட்டுக் குழியையும் எழுபத்து நான்கே அடியில் முடித்தேன். அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் ஆடுகிறோம். எங்களுக்குப் பின்னால் ஆட வருபவர்கள், கறுப்பரானாலும் வெள்ளையரானாலும், மச்சான் மட்டையை எடுப்பதைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டு, உட்கார நிழல் தேடுகிறார்கள்.