பட்டினித் தட்டின் ஓரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலில் 'ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு தோழிகள்' என்று ஆரம்பித்தேன். தோழிகளாம்! அடித்துவிட்டேன்.

மூத்தவள் நான்கு வருடமாகப் புழுக்குஞ்சுகளைப் பட்டினி போடுகிறாள். (கண்ணுக்கே சரியாகத் தெரியாத புழு. பாவம் பார்க்க வேண்டாம்.) தீனி இல்லையென்றால் குஞ்சு வளராமல் அப்படியே நின்றுவிடும். அதன் செல்களுக்குள் நூல்நூலாக ஓடும் மைட்டோகாண்ட்ரியா துண்டுதுண்டாகிவிடும். மறுபடி பாக்டீரியாவைத் தின்னக் கொடுத்தால் துண்டுகள் ஒட்டி நூலாகும், குஞ்சும் வளரும். மூத்தவளின் புழுக்களுக்கு அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். நேற்று வந்த (சரி, போன வருடம் வந்த) இளையவளின் புழுக்களுக்கு ஆறே மணி நேரம்.

2

இளையவளை எல்லோரும் வாலு என்பார்கள். அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

"அக்கா, பாத்தீங்களா? ஆறு மணி நேரந்தான்! நீங்கதான் மொதல்ல பாக்கணும்னு இன்னும் யாருக்குமே காட்டல."

"நல்லாருக்கு," என்றாள் மூத்தவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

(அன்று சாயங்காலம் அதைப் பார்த்த பேராசிரியை வாலுவுக்குத் தன் கையால் காபி போட்டுக் கொடுத்தார். நான்கு வருடத்தில் எனக்கு— அவளுக்கு, ஒரு வாய் தண்ணீர்கூட...)

3

புழுவை எடுத்து மாற்றும் கம்பியை, ஒட்டிய பாக்டீரியா சாக, ஒவ்வொரு தடவையும் நெருப்பில் காட்ட வேண்டும். வாலுவுக்கு எல்லாமே அவசரம். தீனித் தட்டைத் தொட்ட கம்பியோடு நேராக, தீனியே இருக்கக் கூடாத பட்டினித் தட்டுக்குப் போய்விடுவாள். அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம்: பாக்டீரியா. அவள் புழுக்கள் முழுப்பட்டினி கிடக்கவே இல்லை. திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருந்தன.

மூத்தவள் அதைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. வாயே திறக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் கூடும் பெரிய கூட்டத்தில் வாலு தன் ஆறு மணி நேரத்தைப் பற்றிப் பேச, யாராவது ஒரு கேள்வி கேட்க, அவள் முகம் தொங்கிப்போவதை மனதுக்குள் ஓட்டி ஓட்டி ரசித்தாள். ரசித்தேன். போதும் இந்த 'அவள்' நாடகம்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். சகிக்கவில்லை.

முடிவு இரண்டு: சொல்லாமலே...

கை ஓடவில்லை.

நேரில் சொல்ல வாய் வரவில்லை, வாலு. என் முகத்தில் இருக்கிற சந்தோஷம் உனக்குத் தெரிந்துவிடும். நீ இதைப் படிக்கிறாய் என்றால், எப்படியோ உன் மேசையில் வைத்துவிட்டேன் என்று அர்த்தம். கூட்டம் பதினொரு மணிக்கு. அதற்குள் உன் தட்டை எடுத்துப் பார்.

மேடையில் என்ன பேசுவாய் என்பது உன் பாடு. "அக்காவுக்கு மூணு வாரமாவே தெரியும்" என்றும் சொல்லலாம். நான் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.