பன்விலக் கல்லுக்கு எண்ணெய்க் காப்பு

கண்டி வட்டாரப் பழம்பொருள் காப்புச் சங்கத்துக்குப் பெயர்தான் அவ்வளவு நீளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கு வரும் அங்கத்தவர்களை ஏற்றிக்கொள்ள மக்கீன் ஹாஜியாரின் மோட்டார் கார் ஒன்றே போதும். பின் ஆசனத்தில் வாளியும் வைக்கலாம், ஆளும் காலை நீட்டலாம். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது. காட்டுக்குள் புகுந்து, அட்டைக்கு இரத்தம் கொடுத்து, பாசி படிந்த கல்லைத் தேய்த்து, அதில் எழுத்து இருந்தால் காகிதத்தில் படி எடுத்துவருவது அவர்கள் வேலை. வீட்டிலுள்ளவர்கள் இதைப் பைத்தியம் என்றார்கள். முழுக்கப் பிழை என்றும் சொல்ல முடியாது.

நவரட்ணராஜா இந்தப் பைத்தியத்தில் சேர்ந்து ஒரு வருடமாகியிருந்தது. கச்சேரி என்ற அரசாங்கக் காரியாலயத்தில் கிளாக்கர், ஊர் யாழ்ப்பாணம், கண்டியில் மஹய்யாவப் பக்கம் வாடகை அறை. சங்கத்தில் அவருக்குக் கிடைத்த பொறுப்பு தண்ணீர் வாளி தூக்குவது. தலைவர் ஓய்வுபெற்ற சிங்கள வழக்கறிஞர், பழைய சிங்கள எழுத்தைப் பத்திரிகை போல வாசிப்பவர். அவர் குனிந்து வாசிப்பார், இவர் பின்னால் வாளியோடு நிற்பார். தானாக ஒரு கல்லைக் கண்டுபிடித்து, அதைத் தலைவர் முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்ற ஆசை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் அவர் தோளில் வீட்டுத் தண்ணீர் நிறைந்த ஒரு போத்தல் தொங்கும். வெளியில் கண்டவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

"நவரட்ணம், கார் சூடாகினா பயமில்ல. உங்கட போத்தல் ஈக்குதானே" என்று மக்கீன் ஹாஜியார் வாராவாரம் சீண்டுவார். கொழும்பு வீதியில் புடைவைக்கடை வைத்திருந்த மனிதர். சிரிக்காமல் சிரிக்க வைப்பார்.

அந்தக் கல் கடைசியில் பன்விலையில் கிடைத்தது. கச்சேரி வேலையாகப் போன இடத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பாதையோரம், பலா மரத்தடியில் நெஞ்சளவு உயரத்தில் நின்றது. பாசிக்குள் விரலை விட்டார். எழுத்து! நவரட்ணராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் தோட்டத்துத் துரை அந்தப் பாதையை லொறி போகிற றோட்டாக அகலமாக்கிக்கொண்டிருந்தார். கல் குறுக்கே நின்றது. அதை உடைத்து மதகுக்குப் போடுவதாக ஏற்பாடு. நவரட்ணராஜா பங்களா வாசலில் நின்று கெஞ்சியதில் துரை ஒரு தவணை கொடுத்தார். வருகிற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறுக்குள் உங்கள் சங்கம் அந்த எழுத்தைப் படி எடுத்துக் காட்டட்டும். பழைய கல்தான் என்றால் றோட்டை வளைக்கிறேன், இல்லையென்றால் திங்கட்கிழமை சம்மட்டிதான் என்றார்.

முதல் ஞாயிறு தலைவருக்குக் காய்ச்சல். படி எடுக்கும் காகிதமும் தூரிகையும் அவர் வீட்டு அலுமாரிக்குள் இருந்தன. கல்லையாவது பார்த்துவருவோம் என்று மக்கீன் ஹாஜியாரும் நவரட்ணராஜாவும் மட்டும் போனார்கள். பாசியைச் சுரண்டியாயிற்று, எழுத்தோ கல்லோடு கல்லாகக் கிடந்தது. வெள்ளைச் சோக்கைத் தடவினால் தெரியும், சோக்கு கொண்டுவரவில்லை. நவரட்ணராஜா மடியைத் தடவினார். திருநீற்றுச் சம்புடம் அகப்பட்டது.

சேற்றில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "சிவசிவா" என்று முணுமுணுத்துக்கொண்டு திருநீற்றை எழுத்துக்களில் தேய்த்தார். வரிவரியாக வெண்மை எழும்பியது. மேலே சூரியன், சந்திரன். கீழே ஒரு நாய், ஒரு காகம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விரல்களில் மிச்சத் திருநீறு இருந்தது. அதை வேட்டியில் துடைக்கலாமா? நிலத்தில் உதறலாமா? சைவப் பிள்ளை செய்கிற வேலையா அது? நெற்றியிலோ ஏற்கெனவே பட்டை நிறைந்திருந்தது. ஆகவே கல்லின் தலைப்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் மூன்று விரலாலும் இழுத்துவிட்டு, திருப்தியோடு காரில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு தலைவர் சுகமாகி, காகிதம், தூரிகை, மை எல்லாவற்றோடும் முன் ஆசனத்தில் அமர்ந்து வந்தார். வத்துகாமம் தாண்டும்வரை நவரட்ணராஜா கல்லின் அழகை வர்ணித்துக்கொண்டே வந்தார். பலா மரம் தெரிந்ததும் வாய் அடைத்துப்போயிற்று.

கல் இடுப்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கழுத்தில் செவ்வரத்தை மாலை. நெற்றி என்று சொல்லக்கூடிய இடத்தில் பெரிய குங்குமப் பொட்டு. தலை முதல் அடிவரை நல்லெண்ணெய் வழிந்தது. கற்பூரப் புகை பட்டு நாயும் காகமும் கறுத்திருந்தன. சுற்றி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் முழுவதும் நின்றது.

"அல்லாஹ்வே" என்றார் மக்கீன் ஹாஜியார். "கல்லாத்தானே விட்டுட்டுப் போனோம்."

வேலையாட்களை மேற்பார்க்கும் வீரய்யா கங்காணி முன்னால் வந்து கும்பிட்டார். "வாங்கய்யா. ஒங்களாலதான் எங்களுக்குத் தெரிஞ்சிச்சு. நாய் நிக்கிது, அப்ப பைரவருதானே? காக்காவும் இருக்கு, சனீஸ்வரனும் கூட வந்துட்டாரு. கொழுந்து பறிக்கிற அழகம்மாதான் மொதல்ல பாத்துச்சு."

அழகம்மா தலையில் கொங்காணிப் போர்வையோடு நின்றாள். "செருப்பக் கழட்டிட்டு, மந்திரம் சொல்லி, பட்ட போட்டீங்களே. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டே பாத்தேங்க" என்றாள்.

கங்காணி மீதியையும் சொன்னார். றோட்டு வேலை சொன்னதை விட விரைவாக நடந்து, வியாழக்கிழமையே சம்மட்டிக்காரர்கள் கல்லுக்கு வந்துவிட்டார்கள். திருநீற்றைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். சாமியை உடைக்க எவன் துணிவான்? "தொர வந்து கத்திட்டு, ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன், அப்பறம் போலீசோட வந்து எடுப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்க."

கல் பிழைத்ததைக் கேட்டு நவரட்ணராஜாவுக்கு ஒரு நிமிடம் மனம் துள்ளியது. தலைவரின் முகத்தைப் பார்த்ததும் துள்ளல் நின்றது. தலைவர் எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தார். எண்ணெய்க் கல்லில் ஈரக் காகிதம் எப்படி ஒட்டும் என்று சிங்களத்தில் கேட்டார். படி இல்லாமல் துரைக்கு எதைக் காட்டுவது? இந்த வேலையைத் தொடக்கிவைத்த புண்ணியவான் யார்?

மக்கீன் ஹாஜியார் நவரட்ணராஜாவின் காதுக்குள் குனிந்தார். "வாயத் தொறக்காதீங்க. சாமி இல்லண்டு தெரிஞ்சா இந்தச் சனம் வீட்டுக்குப் போயிடும். நாளைக்கு இந்தக் கல்லு மதகுல ஈக்கும்."

அவர் சொன்னது நியாயம்தான். பேசாமலிருந்தால் கல் இன்றைக்கு நிற்கும், ஆனால் படி கிடைக்காது. நாளைக்குப் போலீஸ் வரும். உண்மையைச் சொன்னால் சனம் கலையும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் கண்ட ஒரே கல் போய்விடும் போலிருந்தது. ஆனாலும், தன் கையால் பூசிய திருநீற்றை முன்னால் வைத்துக்கொண்டு பொய்யாக நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

"நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றார் சனத்தைப் பார்த்து. "எழுத்துத் தெரியட்டும் எண்டுதான் நான் திருநீறு பூசினனான். மிச்சத்தை நிலத்தில கொட்டக் கூடாதெண்டு மேல இழுத்துவிட்டனான். மந்திரமும் இல்லை, ஒண்டும் இல்லை. இது பழைய காலத்து எழுத்துக் கல்லு."

அழகம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"நல்லாருக்கே. திருநீறப் போட்டுட்டு இது சாமி இல்லைன்னா, அப்பறம் எதுங்க சாமி?"

சனம் ஆமாம் ஆமாம் என்றது. மக்கீன் ஹாஜியார் இருமுவது போலச் சிரிப்பை மறைத்தார். நவரட்ணராஜா மாலையும் எண்ணெயுமாக நின்ற கல்லைப் பார்த்தார். ஊர்க் கோயிலில் எண்ணெய்க் காப்பு முடிந்தபின் குருக்கள் செய்வது அவருக்கு நினைவு வந்தது. மண்டையில் யாரோ குட்டியது போலிருந்தது.

"சரி, சாமிதான். எண்ணெய்க் காப்புப் போட்டனீங்கள். பிறகு அபிஷேகம் செய்ய வேண்டாமோ? எண்ணெயோட எத்தினை நாளைக்கு நிப்பாட்டி வைக்கப் போறியள்?"

கங்காணி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, அது மறந்துபோச்சே!"

அதற்குப் பிறகு லயமே திரண்டு ஓடியது. வெந்நீர் வந்தது, சீயக்காய் வந்தது, கடலை மா வந்தது. பெண்கள் கல்லைப் பச்சைப்பிள்ளையைப் போலத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். தலைவர் பதறிப் பதறிச் சுற்றிவந்தவர், எண்ணெயோடு பாசியின் கடைசிப் பிசுக்கும் கழன்று ஓடுவதைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். சங்கம் ஒரு வருடத்தில் கழுவிய கல் ஒன்றும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

ஈரக் காகிதத்தை விரித்துத் தூரிகையால் தட்டியபோது, சாமிக்குப் புது வெள்ளைத் துணி சாத்துகிறார்கள் என்று சனம் கும்பிட்டது. மையை ஒற்ற ஒற்ற எழுத்து எழுந்தது. தலைவர் வாசித்து, இந்தக் காலத்துச் சிங்களத்தில் பொருள் சொன்னார். ஒவ்வொரு வரியையும் நவரட்ணராஜா தமிழில் சொன்னார்.

"இந்த வழியால போற ஆரெண்டாலும், எந்தக் குலமெண்டாலும், எந்த நாடெண்டாலும், இந்த மரத்தடியில நிழலும் தண்ணியும் குடுக்க வேணும். அதைக் குழப்பிறவன் நாயாகவும் காகமாகவும் பிறப்பான். சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும்."

அழகம்மா கல்லை உற்றுப் பார்த்தாள். "எந்த நாட்டுக்காரங்கன்னாலுமா?"

"ஓம்."

"எங்களையும் சேத்தா?"

அந்த வருடங்களில் கண்டிக் கடைகளிலும் கச்சேரியிலும் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்துச் சனத்தை வந்தேறிகள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நவரட்ணராஜாவும் அப்படிப் பேசியவர்தான். "உங்களையும் சேர்த்துத்தான்" என்றார்.

அவள் லயத்துப் பக்கம் போனாள்.

காகிதம் காய்ந்ததும் தலைவர் அதைப் பங்களாவுக்குக் கொண்டுபோய்த் துரையின் மேசையில் விரித்தார். துரை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஏதோ முனகி, றோட்டை வளைக்கச் சொல்லிக் கங்காணிக்கு உத்தரவு கொடுத்தார். கங்காணி போட்ட கும்பிடு பாதி துரைக்கு, பாதி பைரவருக்கு.

அவர்கள் திரும்பி வந்தபோது பலா மரத்தடியில் ஒரு புதுப் பானை மணல்மேல் இருந்தது. பக்கத்தில் அழகம்மா சிரட்டை அகப்பையோடு நின்றாள். கல் சொன்னதைச் செய்யாமல் நாயாகப் பிறக்க அவளுக்கு உத்தேசமில்லையாம். தலைவர் குடித்தார். மக்கீன் ஹாஜியார் "பிஸ்மில்லாஹ்" என்று உட்கார்ந்து குடித்தார். பிறகு அவள் சிரட்டையை நிரப்பி நவரட்ணராஜாவிடம் நீட்டினாள்.

அவர் கை தோளிலிருந்த போத்தலுக்குப் போயிற்று. அவளுடைய கை அந்தரத்தில் நின்றது. அந்த நிற்பில் அவளுக்குப் புதுமை ஒன்றுமில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எந்தக் குலமெண்டாலும் என்று சற்று முன்னர் உரக்கச் சொன்னது யார் குரல்? வெட்கம் அவருக்கு உள்ளங்கால்வரை இறங்கியது.

சிரட்டையை இரண்டு கையாலும் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். தண்ணீர் நன்றாகக் குளிர்ந்திருந்தது.

"இன்னொண்டு தாங்கோ, அம்மா" என்றார்.

திரும்பும் வழியில் மக்கீன் ஹாஜியார் வத்துகாமம்வரை ஒரு வார்த்தை சீண்டவில்லை. அந்தப் போத்தல் அடுத்த ஞாயிறும் காரில் ஏறியது. அதில் அவர்கள் மை கொண்டுபோனார்கள்.