சுற்றறிக்கை எண் 214-உம் ஒரு குண்டூசியும்

1

இந்தக் கதை ஒரு குண்டூசியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1962-இல், திருச்சிக்கு வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டி இருந்த ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அது இரண்டு காகிதங்களைச் சேர்த்துப் பிடித்தது. எந்த ஒன்றியம் என்று கேட்காதீர்கள்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கொள்ளிடம் பாலத்தின் மேல் முதல் பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோர இருக்கையில் பொன்னுத்தாய் தன் கணவனின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு"

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திவிட்டேன். பஸ் நன்றாகத்தான் போகிறது. ஆனால் அரசாங்கக் கடிதம் ஒன்று எப்படித் தயாராகிறது என்று தெரியாமல், இந்தப் பெண்ணுக்கு வந்த ஆபத்தும் புரியாது, அது நீங்கிய விதமும் புரியாது. பஸ் பாலத்தின் மேலேயே சற்று நிற்கட்டும்.

2

அரசாங்கக் கடிதத்துக்குத் தலைப்பகுதியில் இரண்டு வரிகள் உண்டு. ஒன்று 'பொருள்', கடிதம் எதைப் பற்றியது என்று சொல்வது. மற்றொன்று 'பார்வை', எந்தப் பழைய காகிதத்தின் தொடர்ச்சியாக இது எழுதப்படுகிறது என்று சொல்வது. எந்தக் கடிதமும் சும்மா வானத்திலிருந்து விழாது, அதற்கு முன்னால் ஒரு காகிதம் இருந்தே தீரும் என்பது அலுவலகங்களின் நம்பிக்கை. பார்வையில் காட்டிய காகிதத்தின் நகலையும் உடன் இணைத்து அனுப்ப வேண்டும்.*

(* எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கைகாட்டும், அது அதற்கு முந்தியதைக் காட்டும். பொறுமை இருந்தால் எந்த விஷயத்தின் வேருக்கும் போய்விடலாம். பெரும்பாலும் யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.)

எங்கள் சேர்மன் பெரியண்ணனுக்கு இதெல்லாம் அலுப்பு. நல்ல உழைப்பாளி, வாய்க்கால் அடைத்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே இறங்குவார். ஆனால் கடிதம் சொல்லச் சொன்னால் வாக்கியம் எங்கோ தொடங்கி, எங்கோ போய், 'ஆனபடியால்' என்று நின்றுவிடும். அதை நேராக்குகிறவர் தட்டச்சர் ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

அந்த மாதத்தில் பார்வை இல்லை என்று இரண்டு கடிதங்கள் திருச்சியிலிருந்து திரும்பி வந்தன. சேர்மன் மேஜையைத் தட்டினார்.

"இனிமே ஒரு லெட்டர் திரும்பி வந்துச்சுன்னா பாருங்க! மானம் போவுதுங்க!"

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

3

இப்போது சுற்றறிக்கை. சேர்மனின் தங்கை மகனுக்குக் கல்யாணம். அழைப்பிதழ் கொடுத்தால் போதும் என்று சாதாரண மனிதர் நினைப்பார். சேர்மன் ஒன்றியத்தின் கடிதத் தாளில் சுற்றறிக்கை விட்டார். எண் 214. 'மேற்படி திருமணத்திற்கு ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர்கள் அனைவரும் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வந்து விருந்தினரை வரவேற்க வேண்டும். வராதவர்கள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டும்.'

ரங்கநாயகி இதையும் பிழை நீக்கித் தட்டச்சு செய்து கொடுத்தார். எல்லாப் பள்ளிகளுக்கும் போயிற்று.

அவற்றில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை பொன்னுத்தாய். கணவருக்குக் காசநோய். செவ்வாயும் வெள்ளியும் திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி. முதல் பஸ்ஸில் கூட்டிப்போய், ஊசி போட்டுக்கொண்டு, பத்து மணிக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடுவார். ஒரு ஊசிகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. விளக்கம் மட்டும் எழுதி அனுப்பினார்: 'என் கணவருக்கு அன்று ஊசி.'

(இந்த இடத்தில் பொன்னுத்தாயை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். அவர் அழுததாக எனக்குத் தெரியாது.)

4

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் சேர்மன் ரங்கநாயகியைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கம்மா. மேற்படி ஆசிரியை அவர்கள் நம்ம வீட்டு விசேஷத்துக்கு வருகை தராத காரணத்தினால் அவர்களை மலையடிவாரப் பள்ளிக்கு மாற்றப்படுகிறார் என்று கேட்டுக்கொள்கிறோம் ஆனபடியால்…"

"ஆனபடியால்?"

"அதுக்கு மேல நீயே போட்டுக்க. உனக்குத் தெரியாததா?"

மலையடிவாரப் பள்ளிக்குப் பஸ் கிடையாது. கடைசி ஐந்து மைல் நடை. அங்கே போனால் வாரம் இரண்டு ஊசி என்பது முடிகிற காரியமல்ல. இதை ரங்கநாயகியும் அறிவார்.

அவர் தட்டச்சு செய்த வாக்கியம் இது: 'நிர்வாக நலன் கருதி, மேற்படி ஆசிரியையை மாற்றம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.'

கவனியுங்கள். சேர்மன் சொன்ன வாக்கியம் முழுக்கத் தப்பு. ஆனால் காரணத்தை மறைக்கவில்லை. ரங்கநாயகியின் வாக்கியத்தில் ஒரு குற்றமும் இல்லை, காரணமும் இல்லை. நல்ல தமிழ் இப்படியும் பயன்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு மேலே 'பார்வை' என்ற வரி காலியாக இருந்தது. இந்த மாறுதலுக்கு முந்தைய காகிதம் எது? யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ரங்கநாயகி தட்டினார்:

'பார்வை: இவ்வலுவலகச் சுற்றறிக்கை எண் 214/62 (சேர்மன் அவர்களின் தங்கை மகன் திருமணம்).'

சேர்மன் படிக்கவில்லை. பென்சிலால் புள்ளி வைத்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மேஜைக்கு, தபால் குமாஸ்தாவிடம், கடிதம் வந்தது. அவர் பார்வையைப் படித்து, சுற்றறிக்கையின் நகலை அலமாரியிலிருந்து எடுத்து, பின்னால் வைத்துக் குண்டூசி குத்தி, திருச்சியில் இருந்த கல்வி அதிகாரிக்கு அனுப்பினார்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் கல்வி அதிகாரி கோபத்தோடு ஜீப்பில் வருகிறார். நாடகம் மாதிரி இருந்தது. இரண்டாவதில் சேர்மன் மனம் திருந்தி பொன்னுத்தாய் வீட்டுக்குப் போகிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றாவது

மூன்றாவது நடந்தது. எட்டாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: 'பார்வையில் கண்ட திருமணத்திற்கும் ஆசிரியையின் மாறுதலுக்கும் உள்ள தொடர்பை விளக்கி, கடிதத்தை மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

சேர்மன் அதை இரண்டு முறை படித்தார். காது சிவந்தது.

"ஏம்மா, கல்யாணத்த எதுக்கு இதுல கொண்டாந்து போட்ட?"

"பார்வை இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாளே? ஒரு லெட்டரும் திரும்பி வரப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

"இப்பவும் திரும்பித்தான வந்திருக்கு!"

"விளக்கம்தான் கேட்டிருக்கா. சொல்லுங்கோ, எழுதிக்கறேன்." பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார்.

சேர்மன் வாயைத் திறந்தார். 'ஆனபடியால்' கூட வரவில்லை.

"ஃபைல மூடிருங்க," என்றார் கடைசியில். "காப்பி சொல்லுங்க, எல்லாருக்கும்."

விளக்கம் போகவே இல்லை. விளக்கம் போகாததால் மாறுதலும் இல்லை. அந்தக் காப்பியைக் குடித்தபோது என் உடம்பெல்லாம் லேசானது இன்னும் நினைவிருக்கிறது.

6

என் உடம்பு என்று எழுதிவிட்டேன். சரி, மறைத்துப் பயனில்லை. அந்தத் தபால் குமாஸ்தா நான்தான். மூன்றாம் ஆளாக வைத்தால் கதை கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு இத்தனை வருஷமாக உள்ள சந்தேகம் ஒன்றுதான். ரங்கநாயகி பழக்கத்தால் அந்த வரியைத் தட்டினாரா, தெரிந்தே தட்டினாரா? பழக்கம் என்றால் இது அதிர்ஷ்டத்தின் கதை. தெரிந்தே என்றால் துணிச்சலின் கதை. எது என்று தெரியாமல் எப்படி எழுதி முடிப்பது? ஃபைலை மூடிய அன்று மாலையே பஸ் ஸ்டாப்பில் அவரிடம் நேராகக் கேட்டேன்.

"வேணும்னுதானே போட்டீங்க?"

அவர் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல நீங்க ஏன் அந்த நகலைக் குத்தினேள்னு சொல்லுங்கோ."

விதி அப்படி, அதனால் குத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அலமாரியிலிருந்து எடுத்தபோது சுற்றறிக்கையை முழுக்கப் படித்ததும், ஒரு முறை கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்ததும், ஒரு குண்டூசி போதும் என்ற இடத்தில் இரண்டாவதை எடுக்கக் கை போனதும் ஞாபகத்துக்கு வந்தன. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பாலத்தின் மேல் நிறுத்தி வைத்த இன்னொரு பஸ்ஸையும் இப்போது அனுப்பிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை. பொன்னுத்தாய் கணவனின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி போகிறார். ஊசி முடிந்து பத்து மணிக்குள் திரும்பிவிடுவார். இது நிச்சயம், இதில் உங்களுக்கு வேலை இல்லை.

மற்றதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இடம் விட்டிருக்கிறேன்.

பொருள்: ஒரு மாறுதல் நின்றது குறித்து.
பார்வை: