சம்பந்தியிடம் காகிதம் கேட்பதா?

“சொந்த விருப்பத்தின் பேரில் விலகுறேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே?”

வேலைவாய்ப்பு அலுவலகத்து ஜன்னலுக்குள் இருந்த பெண், பெய்ஷென் நீட்டிய, பார்த்த வேலைகளெல்லாம் பதிவாகியிருந்த வேலைப் புத்தகத்தை அவர் பக்கமே திருப்பிக் காட்டினாள். பெய்ஷென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? அப்படித்தான் எழுதியிருந்தது.

“எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க. வேற இடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்க, இருந்த வேலைய விட்டேன். அங்க போனா, ஆள் எடுத்தாச்சுன்னுட்டாங்க.”

“கூப்பிட்டதுக்கு ஏதாவது காகிதம் இருக்கா?”

“சொந்தக்காரர்மா. வாயால சொன்னார்.”

வரிசையில் பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. “வாயால சொன்னத நான் எந்த ஃபைல்ல வைக்கறது அண்ணே? விருப்பப்பட்டு வேலைய விட்டவங்களுக்கு உதவித்தொகை கிடையாது. கூப்பிட்டது நிஜம்தான்னு அவர் ரெண்டு வரி எழுதி, முத்திரை போட்டுக் குடுக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள கொண்டு வாங்க, பாக்கலாம்.”

பெய்ஷென் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தோக்மோக் ஊரில் முதல் பனி விழுந்து சேறாகியிருந்தது. வீட்டில் நிலக்கரி ஒரு மூலைக்குத்தான் இருந்தது. குளிர்காலத்தை ஓட்ட அந்த உதவித்தொகையை விட்டால் வேறு வழியில்லை. அதற்குச் சம்பந்தியிடம் போய்க் காகிதம் கேட்க வேண்டும். நினைக்கும்போதே அவருக்கு உடம்பு கூசியது.

பால் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. சம்பளம் தாமதமாக வரும், ஆனால் வராமல் இருந்ததில்லை. அப்படிப்பட்ட வேலையை விட்டுத் தொலைக்க வைத்தது பேரனின் தொட்டில் விருந்துதான். மகள் அய்தாயின் மாமனார் கசிபெக் இறைச்சிக்குக் குளிர்கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார். வீடு நிறைய விருந்தாளிகள். பெரியவர்களுக்கு வைக்கிற தொடை எலும்பைத் தன் கையாலேயே பெய்ஷென் தட்டில் வைத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“கிடங்கு இனி எஞ்சம்பந்தி கையிலதான்! பால்காரங்கிட்ட இவர் எதுக்குக் கைகட்டி நிக்கணும்? சம்பந்தி, பனி விழறதுக்குள்ள வந்துடணும், ஆமா!”

கூட்டம் முழுவதும் பிரார்த்தனையில் போலக் கையேந்தி, “அப்படியே ஆகட்டும்” என்று முகத்தைத் தடவிக்கொண்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்? வேலையை விடப் போனபோது தொழிற்சாலை அலுவலகத்துத் தமிரா அக்கா மட்டும் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்: “அங்கேர்ந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்களேன், இடமாற்றம்னு போட்டு விடறேன். அப்புறம் அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது.”

பெய்ஷென் சிரித்தார். “பொண்ணக் குடுத்த வீட்டுல போய்க் காகிதம் கேக்கச் சொல்றியா? காறித் துப்புவாங்க!” என்று சொல்லிவிட்டு, சொந்த விருப்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாவம், வெகுளி மனிதர். எங்கள் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான். கடைக்காரனிடம் ரசீதுக்குச் சண்டை போடுவோம், உறவுக்காரனிடம் ஒரு வரி கேட்க நாக்கு எழாது.

கருவிப் பையோடு குளிர்கிடங்குக்குப் போனால், கசிபெக்கின் கூட்டாளியுடைய மைத்துனன் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். “கூட்டாளி ஒத்துக்கல சம்பந்தி. வசந்தம் வரட்டும், பாக்கலாம்” என்றார் கசிபெக். பழைய இடத்திலும் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டான்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போன மறுநாள் மதியம் பெய்ஷென் சம்பந்தி வீட்டுக்குப் போனார். ரொட்டி, வெண்ணெய், குதிரை இறைச்சி என்று சாப்பாட்டு விரிப்பு நிறைந்தது. அய்தாய் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு தேநீர் ஊற்றினாள். பேச்சு எங்கெங்கோ சுற்றியபின் பெய்ஷென் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். கசிபெக்கின் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன சம்பந்தி இது? கிடங்க இன்னும் பதிவே பண்ணல. உங்க காகிதத்தைப் பாத்துட்டு வரிக்காரன் என் வாசல்ல வந்து நிக்கணுமா?”

“ரெண்டே வரிதான். வேற எதுக்கும் இல்ல.”

“நான் என்ன வேத்தாளா? மாவு ஒரு மூட்டை அனுப்பறேன். ஆடு வேணுமா, பிடிச்சுட்டுப் போங்க. காகிதம் கீகிதம்னு நமக்கு நடுவுல கொண்டு வராதீங்க. நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க.”

சம்பந்தியம்மா மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் தேநீர் ஊற்றுவோம், அடிக்கடி வாங்கிக் குடித்துக்கொண்டு இருக்கட்டும் என்று. விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். அய்தாய் தலை நிமிராமல் அப்பாவின் கிண்ணத்தை வாங்கினாள். விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்சம் விரிப்பில் சிந்தியது. பெற்ற மகள் கையால் அதை வாங்கிக் குடிக்கிற நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

வாசல்வரை வந்த அய்தாய் கிசுகிசுத்தாள். “இனிமே கேக்காதீங்கப்பா. நீங்க போனப்புறம் பேச்சு வாங்கறவ நான்.”

அதன்பின் அவர் கேட்கவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது. உதவித்தொகைப் பேச்சும் அதோடு முடிந்தது. மாவு மூட்டை வந்தது, ஆனால் மாவைப் போட்டு அடுப்பெரிக்க முடியுமா? நிலக்கரி தீர்ந்த வாரத்தில் மனைவி புருல் தன் அக்காவுக்கு போன் போட்டாள். அக்கா மாஸ்கோவில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறாள். “எனக்கும் ஒரு இடம் பாரு” என்று புருல் சொன்னபோது பெய்ஷென் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பேருந்து கிளம்பும் அன்று சொந்தபந்தம் எல்லாம் நிலையத்துக்கு வந்தது. கசிபெக்கும் வழிப்பயணத்துக்கு ரொட்டி கொண்டுவந்தார். வாய் நிறைய வாழ்த்து. புருல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கசிபெக்கின் கண் ஜூமார்த் மேல் விழுந்தது. ஜூமார்த் பெய்ஷெனின் அடுத்த வீட்டுக்காரன், பால் லாரி ஓட்டுகிறவன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன்.

“இன்னும் அந்தப் பால் வண்டியிலயா தம்பி மாரடிக்கற? விட்டுட்டு எங்கிட்ட வா. இறைச்சி வண்டி நீதான் ஓட்டற. என் வார்த்தைய நம்பு!”

ஜூமார்த்தின் முகம் மலர்ந்தது. “சரிண்ணே, திங்கக்கிழமையே எழுதிக் குடுத்துடறேன்!”

பெய்ஷெனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “எழுதிக் குடுக்காத. மொதல்ல அவர்கிட்ட எழுதி வாங்கு.”

“சம்பந்தி! நாலு பேர் முன்னால என்ன பேச்சு இது?” கசிபெக் பல்லைக் கடித்தார்.

“நாலு பேர் முன்னாலதானே எனக்கும் வாக்கு குடுத்தீங்க? ஜூமார்த், நல்லாக் கேட்டுக்க. காகிதத்துல வராத வேலை வேலையே இல்ல, விருந்துப் பேச்சு. கேட்டா உறவு கெட்டுடும்னு எவன் சொல்றானோ, அவங்கிட்டதான் மொதல்ல எழுதி வாங்கணும். நான் கேக்க வெக்கப்பட்டேன். அதுக்கு எம்பொண்டாட்டி எவனோ தின்ன தட்டக் கழுவப் போறா.”

கசிபெக் விறுவிறுவென்று காரைப் பார்த்து நடந்தார். இன்று ராத்திரி அய்தாய்க்கு என்ன பேச்சு கிடைக்கும் என்பது பெய்ஷெனுக்குத் தெரியும், தெரிந்துதான் பேசினார். பேருந்து உறுமிக் கிளம்பியது. புருல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள்.

“இதை அன்னிக்கே விருந்துல கேட்டிருந்தா, நான் ஏங்க இந்த பஸ்ல ஏறறேன்?”